இரண்டாம் கியரில் ஒரு பொண்ணழைப்பு

நெல்லித்தோப்பில் முருகையன் வீடு எது என்று கேட்டு யாரும் அலைய வேண்டியதில்லை. எந்த வீட்டு ஜன்னல் கண்ணாடி சும்மா கிடந்து ஆடுகிறதோ, அதற்குப் பக்கத்து வீடு என்று சொல்லிவிடுவார்கள். அவருடைய வெள்ளை அம்பாசிடர் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் திரும்பிவிடும். என்ன பாட்டு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 'டும்' மட்டும்தான் வரும். அந்த டும்முக்கு அலமாரியில் டம்ளர்கள் உரசிக்கொள்ளும், தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும், அவர் மனைவி கமலவேணி தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். அந்தச் சத்தத்தால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை, முருகையனுக்குச் சூடாக தோசை கிடைத்ததுதான்.

மனுஷனுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால் மில்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முருகையன் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிற இடத்தில் பேச்சு என்பதே கிடையாது. பக்கத்தில் நிற்கிறவன் வாயைத் திறந்தால் தலையை ஆட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அவன் 'நூல் அறுந்துபோச்சு' என்று சொல்லியிருக்கலாம், 'உன் சைக்கிளை எவனோ தள்ளிக்கிட்டுப் போறான்' என்றும் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபிறகு பார்த்துக்கொள்கிற விஷயம். இப்படித் தலையாட்டியே அவருடைய வாலிபம் போயிற்று. கல்யாணத்துக்கும் அப்படித்தான் ஆட்டியிருப்பார் என்பது கமலவேணியின் சந்தேகம்.

பிறகு மில்லை மூடினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த முருகையனுக்கு முதல் வாரத்திலேயே உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது, அதுதான் வியாதி. மின்விசிறி சுற்றுவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது. அதற்கும் மேலே கமலவேணி சொல்வது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவள் இவ்வளவு பேசுகிறவள் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மில்லில் கொடுத்ததை வைத்துப் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அதில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. போதவில்லை. கதவுகளில் ஸ்பீக்கர் வைத்தார். அதுவும் போதவில்லை. கடைசியில் சட்டி அளவுக்கு ரெண்டு ஊஃபர் ஸ்பீக்கரும், அவற்றை முடுக்கிவிட ஒரு ஆம்ப்ளிஃபயரும் டிக்கியில் ஏறி உட்கார்ந்தன. பயணிகளின் பெட்டிக்கு இடமில்லை, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை விமானநிலையத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திண்டிவனத்திலேயே இறங்கி பஸ் ஏறிப் போனார்கள். அவர்களுக்குச் சங்கீத ஞானம் போதாது என்று முருகையன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் ஒயர் இழுத்தவர் சாரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஷஹாபுதீன். முருகையனின் நெடுநாள் சிநேகிதர். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் விரல் தடிமனுக்குச் சிவப்பு ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃபியூஸும் வைத்துவிட்டு, அன்றைக்கே எச்சரித்தார்.

"பேட்டரின்றது தண்ணித் தொட்டி, முருகையா. டைனமோ அதுல தண்ணி ஊத்துற மோட்டாரு. வண்டி ஓடுனாதான் ஊத்தும். நின்ன எடத்துல உருமிக்கிட்டு இருந்தா சொட்டும், அவ்ளோதான். நீ தொட்டிக்கு அடியில இம்மாம் பெரிய ஓட்டையப் போட்டு வச்சிருக்க. பாத்துக்க."

முருகையன் தலையை ஆட்டினார்.

ஆட்டியதோடு நிற்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தால் பாட்டும் அணையும்படி பாய் வைத்திருந்த இணைப்பை மறுவாரமே கழற்றி, நேராக பேட்டரியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். டீக்கடையில் வண்டியை நிறுத்தினாலும் பாட்டு நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஒரு ஸ்விட்சாவது வையுங்கள் என்று கமலவேணி கேட்டாள். அதற்கும் தலையை ஆட்டினார். ஆக, அந்த டும்மை நிறுத்த ஒரே வழி பானெட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்குவதுதான் என்று ஆயிற்று.

இந்தச் சத்தத்திலேயே பள்ளிக்கூடம் போய், இந்தச் சத்தத்திலேயே காலேஜ் முடித்தவள் ஒரே மகள் தீபலட்சுமி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி. கடையில் கலகலவென்று பேசுகிறவள் அப்பாவின் வண்டியில் ஏறினால் வாயை மூடிக்கொள்வாள். மூடாவிட்டாலும் ஒன்றுதான்.

அவளுக்குக் கதிர்காமத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் நிலவன், லேப் டெக்னீசியன். ரத்தத்தை எடுத்துக்கொண்டு ரிசல்ட்டைக் கொடுக்கிற வேலைக்கு எவ்வளவு பேச்சு வேண்டுமோ அவ்வளவுதான் பேசுவான். அவன் அப்பா ஹரிகிருஷ்ணன் அதைவிட மோசம். சிவப்புத் தொப்பி வைத்த போலீசாக நாற்சந்தியில் நின்று, கையாலேயே ஊரை நிறுத்தி, கையாலேயே போகச் சொல்லி ஓய்வு பெற்றவர். வாய்க்கு அதிகம் வேலை இருந்ததில்லை. நிச்சயதார்த்தத்தன்று அவர் பேசியதே ஒரு விஷயம்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருகிற பொண்ணழைப்புக்கு, பேண்டு செட்டுக்குத் தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

முருகையன் எழுந்து நின்றுவிட்டார். "பேண்டெல்லாம் எதுக்கு சம்பந்தி? வேணாம்னு சொல்லிடுங்க. நம்ம வண்டி வந்து நின்னா உங்க நெஞ்சுல வந்து அடிக்கும்."

கமலவேணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஹரிகிருஷ்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி. வேணாம்னா வேணாம். ஆனா பொண்ணு சத்தமில்லாம வந்து எறங்கக் கூடாது. எங்க பக்கத்துல அது ஆகாது. நல்ல நேரமும் தாண்டக் கூடாது."

அதற்கும் முருகையன் தலையை ஆட்டினார். ஆனால் இந்த முறை காதில் விழுந்து ஆட்டினார், அதைச் சொல்லிவிட வேண்டும்.

பொண்ணழைப்பு நாள் வந்தது. அம்பாசிடருக்கு முகப்பிலிருந்து டிக்கி வரை சாமந்தி மாலை. கூரைமேல், கதவில், பம்பரில் எல்லாம் சீரியல் லைட். சாரத்து மண்டபத்துக்கு ரெண்டு தெரு தள்ளியிருந்த பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி தயாராக நின்றது. ஷஹாபுதீன் வெள்ளைச் சட்டையில் மனைவி பரீதாவோடு விருந்தாளியாக வந்திருந்தார். வந்த மனுஷன் சந்தனத்தை எடுத்தோமா, கல்கண்டை வாயில் போட்டோமா என்று இருந்திருக்கலாம். தொழில் விடுமா? வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, சீரியல் லைட்டும் அதே பேட்டரியில்தான் தொங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து அவர் முகத்தில் கல்யாணக் களையே இல்லை. ஊர்ந்து போனாலும் பரவாயில்லை, எங்கே நின்றாலும் இஞ்சினை மட்டும் அணைக்காதே என்று முருகையனின் காதுக்கே வந்து சொன்னார். அதற்குள் பாட்டைப் போட்டாகிவிட்டது. முருகையன் வழக்கமானதைச் செய்தார்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு பெண்கள், அவர்களுக்குத் தலைமையில் கமலவேணி. அவர்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு பையன்கள். அவர்களுக்கும் பின்னால் ஆமைக்கு வழிவிட்டு அம்பாசிடர். ஒவ்வொரு டும்முக்கும் சீரியல் லைட் அத்தனையும் மங்கி, மறுபடி எழுந்தது. பாட்டுக்குத் தகுந்த மாதிரி லைட் மின்னுகிறதே, இதற்குத் தனியாகச் சாமான் வாங்கிப் போட்டாரா என்று கூட்டம் வாயைப் பிளந்தது. அது சாமானும் இல்லை ஒன்றும் இல்லை, பேட்டரி மூச்சு வாங்குவது என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் நெஞ்சில் கையை வைத்தபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

பின்சீட்டில் தீபலட்சுமி, பட்டும் நகையும் பூவுமாக. கூட உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் ஆட்டம் பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள். கண்ணாடியில் முருகையன் பார்த்தபோது அவள் ஏதோ சொன்னாள். தலையை ஆட்டினார். கொஞ்சதூரம் போனபிறகு மறுபடியும் ஏதோ சொன்னாள். மறுபடியும் ஆட்டினார். மூன்றாவது தடவை அவள் முன்னால் சாய்ந்து சொன்னபோது, குழந்தைக்குப் பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று பூரித்து இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

முதல் தெரு முடிகிற முச்சந்தியில் பையன்கள் வண்டியை மறித்துக்கொண்டு குத்தாட்டம் போட ஆரம்பித்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் இஞ்சின் கொதித்து, சூட்டு முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆடட்டும், அதுவரைக்கும் இஞ்சின் ஆறட்டும் என்று முருகையன் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. பாட்டு நிற்கவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. ஷஹாபுதீன் மட்டும் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி எதையோ கத்தினார். பாய்கூட ஆடுகிறாரே என்று முருகையனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவர் சாவியைப் போட்டார்.

'டிக்' என்றது. மறுபடி போட்டார். மறுபடியும் 'டிக்'. மூன்றாவது முறை அந்த டிக்கும் இல்லை. பாட்டு மட்டும், கிணற்றில் விழுந்த எருமை கத்துவது மாதிரி ஒரு இழு இழுத்து அடங்கியது. சீரியல் லைட் சிவந்து, கருத்து, போய்விட்டது.

அடேயப்பா, அந்த அமைதி. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது கேட்டது. தட்டில் ஆரஞ்சுப் பழம் உருண்டது கேட்டது. தெருமுனையில் கமலவேணி திரும்பி நின்று ஒரு வார்த்தை பேசாமல் பார்த்ததுகூடக் கேட்ட மாதிரிதான் இருந்தது. இன்னும் ஒரு தெரு. அதன் கோடியில் மண்டப வாசலில் ஹரிகிருஷ்ணன் ஆரத்தித் தட்டோடு நிற்கிற பெண்களுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேண்டு வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்னோமே என்று நொந்தபடி முருகையன் சாவியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை காதில் வாங்கி ஒத்துக்கொண்ட விஷயமும் இப்படியா ஆகவேண்டும்?

அப்போது பின்னாலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"அப்பா, எனக்கு பயமா இருக்குப்பா. கோயில்லேந்து இதத்தான் சொல்லிக்கிட்டு வரேன். நீ பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டே வர."

முருகையன் திரும்பிப் பார்த்தார். மை கலைந்திருந்தது. இப்போது கலைந்தது இல்லை, எப்போதோ கலைந்தது. அவர் வாயைத் திறந்தபோது ஷஹாபுதீன் வந்து ஜன்னலைத் தட்டிவிட்டார்.

தள்ளித்தான் கிளப்ப வேண்டும், வேறு வழியில்லை என்றார் பாய். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெரிய ஃபியூஸைப் பிடுங்கியாக வேண்டும். பேட்டரியில் மிச்சமிருக்கிற கொஞ்ச உயிரையும் டிக்கியில் இருக்கிற பெட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அது இருக்கிறவரை தேர் இழுக்கிற கூட்டமே வந்து தள்ளினாலும் இஞ்சின் பிடிக்காது. கிளம்பினபிறகு திரும்பச் சொருகிக்கொள்ளலாமா என்று முருகையன் கேட்டார். பாய் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சொருகலாம். மண்டப வாசல்ல மறுபடி நிக்கும். பாட்டா, பொண்ணா? சொல்லிடு."

முருகையன் பானெட்டைத் தூக்கி, தன் கையாலேயே ஃபியூஸைப் பிடுங்கினார். சுட்டது. ஊதிவிட்டுப் பட்டுச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல்லைப் பிடுங்கினவர் மாதிரி ஒரு கணம் நின்றார், பிறகு போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி வேகம் பிடித்ததும் கிளட்சைப் படக்கென்று விட வேண்டும். இது ஊருக்கே தெரிந்த வித்தை.

பையன்கள் பின்னால் கை வைத்தார்கள். அவரோடு மில்லில் வேலை செய்த ரெண்டு மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். அதில் ஒருவர் பழக்கதோஷத்தில் 'ஐலசா' என்று ஆரம்பித்தார். கூட்டம் பிடித்துக்கொண்டது. எவனோ ஒரு பையன் டிக்கியின்மேல் உள்ளங்கையால் அடித்தான். உள்ளே ஊஃபர் பெட்டி இருக்கிறதே, 'டும்' என்று அருமையாகக் கேட்டது. இவ்வளவு காலத்தில் அந்த டிக்கியிலிருந்து வந்த முதல் தெளிவான சத்தம் அதுதான். பிறகென்ன, நாலு கை அடித்தது. டும், ஐலசா. டும், ஐலசா. மாடியெல்லாம் தலை முளைத்தது. பெண்கள் தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அம்பாசிடர் ஊஞ்சல் மாதிரி நகர்ந்தது.

வெளியேதான் இத்தனையும். கண்ணாடியை ஏற்றியிருந்ததால் வண்டிக்குள் அமைதியாக இருந்தது. முதல்முறையாக.

"என்னா பயம், சொல்லு" என்றார் முருகையன்.

"அந்த வீட்ல யாருமே பேச மாட்டாங்கப்பா. இவரும் பேச மாட்டாரு, அவங்கப்பா பேசவே மாட்டாரு. அன்னிக்கிப் போயிருந்தப்ப கடிகாரம் ஓடுறது கேக்குது. நான் நம்ம வீட்டு சத்தத்துலயே வளந்துட்டேன். அங்க போயி என்னா பண்ணுவேன்?"

முருகையனுக்கு அந்த வியாதி தெரியும். மில்லை மூடிய வாரத்தில் பட்டது மறக்குமா? அந்தக் கடிகாரச் சத்தம் அவர் காதிலேயே கேட்டது. ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டும் என்று தேடினார். அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லாததால் வாயில் வந்தது உண்மைதான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது, தீபா. நாளைலேந்து வீட்ல நானும் உங்கம்மாவும் மட்டும்தான்."

தீபலட்சுமி களுக்கென்று சிரித்துவிட்டாள். மை இன்னும் கொஞ்சம் கலைந்தது. அதற்கப்புறம் அவள் பேசினாள் பாருங்கள், ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு படிக்கிறபோது வண்டியில் சொல்லி அவர் தலையாட்டிய கதையிலிருந்து ஆரம்பித்தாள். நாடகத்தில் மரமாக நின்ற கதை. கடையில் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் காணோம் என்று சண்டைக்கு வந்த கதை. நிலவன் ஒருநாள் போனில் பேச ஒன்றும் தோன்றாமல் அவளுடைய ரத்த வகையைக் கேட்ட கதை. முருகையனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் முழுக்கச் சிரிப்பினால் வந்தது என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஷஹாபுதீன் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடிவந்து, வேகம் போதும், கிளட்சை விடு என்று கத்தினார். முருகையன் தலையை ஆட்டினார். காலை எடுக்கவில்லை.

கொஞ்சதூரம் போய் மறுபடி கத்தினார் பாய். மறுபடியும் தலையை ஆட்டினார். பின்னால் தள்ளுகிறவர்களுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. ஐலசாவில் ஐ மட்டும் பாக்கி இருந்தது. கால் கிளட்சின்மேல் அப்படியே இருந்தது.

மண்டப வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஹரிகிருஷ்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். நேராக நடுரோட்டுக்கு வந்து, எதிரே வந்த பஸ்ஸை ஒரு கையைக் காட்டி நிறுத்தினார். ஓய்வு பெற்றால் என்ன, பஸ் நின்றது. பிறகு ஒரு பேச்சும் பேசாமல் வண்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். கொஞ்சநேரம் கழித்து, சுருதி சேராமல் தடித்த குரலில் ஒரு 'ஐலசா' தனியாகக் கேட்டது. தீபலட்சுமி திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மாமனாருக்கு மீசை வியர்த்து, வாய் திறந்திருந்தது.

அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முன்னால் சாய்ந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"போதும்பா. விடு."

முருகையன் காலை எடுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, உறுமிக் கிளம்பியது. நல்ல நேரத்துக்குள்தான்.

ஆரத்தி எடுக்கிறபோது ஹரிகிருஷ்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி முருகையனிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க முருகையன் கையைக் கூப்புவதற்குள் அவர் முந்திக்கொண்டு, "சத்தம் பரவால்ல" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த ஷஹாபுதீன் விடவில்லை. பத்தடியிலேயே பிடித்திருக்க வேண்டிய வண்டி, ஒரு தெரு முழுக்கத் தள்ளவிட்டு என் சட்டையை நாசமாக்கிவிட்டாயே, எனக்குத் தெரியாதா என்று பொருமினார். முருகையன் தலையை ஆட்டிக்கொண்டே அவர் இலைக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார்.

நெல்லித்தோப்பில் டும் இன்னும் நிற்கவில்லை. கமலவேணி தோசைக்கல் போடுகிற நேரமும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முருகையன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதிர்காமம் போய் மகளை அழைத்து வருகிறார். ஏறி உட்கார்ந்ததிலிருந்து அவள் நிறுத்துவதில்லை. மாமனார் இப்போது டிவி செய்தியை எதிர்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறார், மாமியார் சாம்பாரில் வெல்லம் போடுகிறார், நிலவன் குறட்டை விடுகிறான், ஓரகத்தி இட்லி மாவை ஒளித்து வைக்கிறாள். பாதிவழியில் முருகையனின் கை மெல்லச் சட்டைப்பைக்குப் போகிறது. ஃபியூஸைத் தொட்டுப் பார்க்கிறது. தாயைப்போல என்ன பேச்சு பேசுகிறாள் இந்தப் பெண்.

கை திரும்பி ஸ்டியரிங்குக்கே வந்துவிடுகிறது. தலையாட்டப்போன முருகையன் நிறுத்திக்கொண்டு, "அப்புறம்?" என்கிறார்.